இறைச்சிக் கடைக்காரரின் மனைவி

புனிதைகள் என்றாலே மடத்துக் கன்னியர்தாம் என்று எண்ணியிருந்தேன். மார்கரெட் கிளித்தரோ அம்மாளோ இங்கிலாந்தில் யார்க் நகரத்து இறைச்சிக் கடைக்காரரின் மனைவி, பிள்ளைகளின் தாய். 1574-ம் ஆண்டளவில், அன்று அரசாங்கம் தடுத்திருந்த கத்தோலிக்க மறையைத் தழுவினார். கணவர் மாறவில்லை. சிறையிலேதான் வாசிக்கக் கற்றாராம்! குருக்களை வீட்டில் ஒளித்துவைத்ததாகப் பிடிபட்டபோது, 'நீ குற்றவாளியா?' என்ற கேள்விக்குப் பதிலளிக்க மறுத்தார். விசாரணை நடந்தால் பெற்ற பிள்ளைகளே சாட்சி சொல்ல நேருமே! அம்மறுப்புக்குரிய தண்டனையாக, 1586 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று, அவர்மேல் கதவை வைத்துப் பாரமேற்றி நசுக்கினர்.

மறைசாட்சிக்கு முத்திப்பேறு பட்டமளிக்கப் புதுமை தேவையில்லை; உயிர் கொடுத்ததே போதும். ஆயினும் அது 1929-ல்தான் கிடைத்தது. 1970 அக்டோபர் 25-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், நாற்பது மறைசாட்சிகளுள் ஒருவராக அவருக்குப் புனிதர் பட்டமளித்தார். மகள் ஆன், லூவேன் நகரில் கன்னியாஸ்திரீ ஆனாள்.