குளிர்காலப் பகலும் ஜெப வேளையும்



தென்மாவட்டங்களிலிருந்து டெல்லிக்குப் பிழைக்க வரும் நம்மவர்கள் குளிருக்கென்று கம்பளி வாங்கி வருகிறார்கள். இருளுக்கு ஆயத்தமாய் வருகிறவர் எவருமில்லை. திருநெல்வேலியில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய 1 மணி நேரமே வேறுபாடு. டெல்லியிலோ மூன்றரை மணி நேரத்துக்கும் அதிகம். ஜூன் 21 அளவில் ஏறக்குறைய 14 மணி நேரமாயிருக்கும் பகல், டிசம்பர் 21 அல்லது 22இல் 10 மணி 20 நிமிடமாகச் சுருங்குகிறது. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதே காரணம். சூரியன் தூரமாய்ப் போவதல்ல. ஜனவரி தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது!

டிசம்பர் 22க்குப் பின் பகல் வளருகிறது, மெய்தான். ஆனால் அந்த வளர்ச்சி முதலில் மாலையில்தான். டெல்லியில் சூரிய உதயம் ஜனவரி நடுப்பகுதி வரை பிந்திக்கொண்டே போய்க் காலை 7.15ஐ எட்டுகிறது. இதை அறியாமல் நான் தவறு செய்தேன். காலை 6 மணி ஜெபத்துக்கு ஜனவரியில் வராமற்போன ஒரு சகோதரியை, "பகல்தான் நீளுகிறதே, சோம்பல் ஏன்?" என்று சபை நடுவே கடிந்துகொண்டேன். மூடுபனியில், விளக்கில்லாத சந்து வழியே, கைக்குழந்தையோடு அவர் தனியே வரவேண்டியிருந்தது என்பதைப் பிற்பாடே அறிந்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஜெப நேரத்தை மாற்றலாமென்றபோது மூப்பர் ஒருவர், வேளை தவறாமல் ஜெபித்த பரிசுத்தவான்களை நினைப்பூட்டினார். நான் அப்போஸ்தலர் 3:1ஐத் திறந்தேன். பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி ஜெபவேளையில் தேவாலயத்துக்குப் போனார்கள். அக்காலத்தில் பகலின் நீளம் எதுவாயினும் அதைப் பன்னிரண்டாகப் பகுத்தார்கள். யோவான் 11:9இல் நம் ஆண்டவர் பேசுவதும் அந்த மணிகளைக் குறித்தே. எருசலேமில் அந்த மணி குளிர்காலத்தில் ஏறக்குறைய 50 நிமிடம், கோடையில் 71 நிமிடம். ஆகவே ஒன்பதாம் மணி, நண்பகலுக்குப் பின் குளிர்காலத்தில் இரண்டரை மணி நேரத்திலும், கோடையில் மூன்றரை மணி நேரத்திலும் வந்தது. அப்போஸ்தலரின் ஜெபவேளை சூரியனோடு நகர்ந்தது. சுவர்க் கடிகாரம் அவர்களுக்கு இல்லை.

மூப்பர் நெடுநேரம் யோசித்துத் தலையசைத்தார். இப்போது டிசம்பர், ஜனவரி மாதங்களில் நாங்கள் 7.30க்கே கூடுகிறோம். வேலைக்குப் போகிற சகோதரர்களுக்கு அது இடைஞ்சல்தான். அவர்களுக்காகச் சனிக்கிழமை மாலையில் தனியே ஒரு கூடுகை வைத்திருக்கிறோம். அந்தச் சகோதரி குழந்தையோடு முன்வரிசையில் அமருகிறார்.