தொலைபேசியில் ஒரு மனநல ஆலோசகர்

காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். மனம் சோர்ந்தால்? என் பாட்டியாயிருந்தால் தாயத்துக் கட்டிவிடுவார்.

உலக மனநல நாளான 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு ‘டெலி மானஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. தமிழகத்தில் இதன் பெயர் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’. எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. சிகிச்சை விவரம் இரகசியமாகக் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

நான் அழைத்தது சென்ற ஐப்பசியில். மழை பிடித்தால் மரக்காணம் உப்பளங்களில் வேலை ஏது? வீட்டில் கடன். எனக்கோ இரண்டு பாடங்களில் அரியர்ஸ். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அரியர்ஸ் என்றால் என்னவென்றே அங்கு யாருக்கும் தெரியாது. அப்பாவோடு பேச்சு நின்று ஒரு மாதமாகியிருந்தது.

ஒற்றை அறை வீடு. ஆகவே பாத்தி வரப்பில் நின்று பேசினேன். அந்த அம்மையார் அறிவுரை கூறவில்லை. (கூறியிருந்தால் போனை வைத்திருப்பேன்!) எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று கேட்டார். பிறகு, அப்பாவிடம் சொல்ல நினைப்பதைத் தம்மிடம் சொல்லிப் பார்க்கச் சொன்னார். சொல்லும்போதே புரிந்தது: அரியர்ஸைச் சொல்லப் பயந்துதான் அப்பாவைக் கண்டாலே எரிந்து விழுந்திருக்கிறேன்.

இன்னும் இருமுறை பேசிய பின்பே வீட்டில் சொல்லத் துணிந்தேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பின்னர், “எனக்குந்தாண்டா தூக்கம் வரல” என்றார். அந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி அவரிடம் கொடுத்தேன்.