மூச்சோடு போகும் மருந்து

மாற்றிப் பொருத்திய சிறுநீரகமும் கல்லீரலும் உடலுக்குள் பத்திரமாக மூடிக் கிடக்கும். நுரையீரலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் தூசி, புகை, பூஞ்சை வித்து, வைரஸ் என்று வெளியுலகமே நேராக உள்ளே வந்து போகிறது. உடலின் எதிர்ப்பு அணுக்கள் அங்கே எப்போதும் விழித்தபடியே இருக்கின்றன. புதிய நுரையீரலையும் அவை அந்நியன் என்றே பார்க்கின்றன. நுரையீரல் பொருத்திக்கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நாட்பட்ட நிராகரிப்பு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த நிராகரிப்பு ஆரவாரமில்லாமல் வரும். ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத மூச்சு நுண்குழாய்களின் உட்சுவர் புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு வளர்ந்து குழாயை அடைக்கும். அடைத்த குழாய் மறுபடி திறப்பதில்லை. முழு மூச்சை இழுத்து வேகமாக ஊதும்போது முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதே நோயை அளக்கும் கோல். அறுவை சிகிச்சைக்குப் பின் எட்டிய சிறந்த அளவிலிருந்து அது 20 சதவீதம் குறைந்து, வேறு காரணமும் இல்லையென்றால், மருத்துவர்கள் நாட்பட்ட நிராகரிப்பு என்று முடிவு செய்கிறார்கள்.

1963இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி செய்த முதல் நுரையீரல் மாற்றில் நோயாளி 18 நாள்தான் உயிரோடு இருந்தார். டொரண்டோவில் ஜோயல் கூப்பர் குழுவினர் செய்த அறுவை நிலைத்தது 1983இல். நடுவில் வந்து சேர்ந்த துணை சைக்ளோஸ்போரின். நார்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த மருந்து அது. எதிர்ப்பு அணுக்களை அடக்கும். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நுரையீரலைக் காக்க அளவைக் கூட்டினால் சிறுநீரகம் போய்விடும் என்ற நெருக்கடியில் பிறந்ததுதான் இந்த யோசனை: மருந்தை ரத்தத்தின் வழியே உடல் முழுவதும் அனுப்பாமல், மூச்சின் வழியே நுரையீரலுக்கு மட்டும் கொடுத்தால் என்ன?

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆல்டோ ஐயகோனோ குழுவினர் இதைச் சோதித்தார்கள். 58 பேர். எல்லோருக்கும் வழக்கமான மாத்திரைகள் தொடர்ந்தன. கூடுதலாக 28 பேர் வாரத்தில் மூன்று நாள், இரண்டு ஆண்டுகள், 300 மில்லிகிராம் சைக்ளோஸ்போரினை நெபுலைசரில் சுவாசித்தார்கள். 30 பேர் மருந்தில்லாத திரவத்தைச் சுவாசித்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்களில் இறந்தவர் 3 பேர், பெறாதவர்களில் 14 பேர். எந்த மருத்துவரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் வேறுபாடு.

ஆனால் அந்தச் சோதனை முதன்மையாகக் கேட்ட கேள்வி வேறு: திடீர் நிராகரிப்பு குறைகிறதா? அது குறையவில்லை. உயிர் பிழைத்தவர்களின் கணக்கு கூடவே கிடைத்த விடை. ஒரே மருத்துவமனை, சிறு கூட்டம். இப்படிப்பட்ட இடத்தில் தற்செயலுக்கு நிறைய இடம் உண்டு. முடிவு வெளியாவதற்கு முன்பே, 2005இல், இந்தத் தரவைப் பரிசீலித்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 8க்கு 8 என்று பிளந்து நின்றது. ஒப்புதல் கிடைக்கவில்லை, பெரிய சோதனை தேவைப்பட்டது. 284 பேருடன் அது நடந்தது. நாட்பட்ட நிராகரிப்பைத் தடுப்பதில் மருந்தால் பலன் தெரியவில்லை.

மறுசோதனை கேட்டது சரியே என்பது என் கருத்து. காத்திருக்க நேரமில்லாத நோயாளிகளுக்கு அது கொடுமையாகத் தோன்றியிருக்கும், உண்மைதான். ஆனால் பலனில்லாத மருந்தை ஆண்டுக்கணக்கில் இருமி இருமிச் சுவாசிக்கவைப்பது அதைவிடக் கொடுமை. இருமல் என்று சும்மா சொல்லவில்லை. சைக்ளோஸ்போரின் தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்க அன்று பயன்படுத்திய புரொப்பிலீன் கிளைக்கால் தொண்டையையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும். முதலில் தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சுவாசித்துவிட்டுத்தான் இதைச் சுவாசிக்க வேண்டியிருந்தது.

அடுத்த தலைமுறை அங்கிருந்துதான் தொடங்கியது. மருந்தை லிப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் பொதிந்தால் அந்தக் கரைப்பான் தேவையில்லை. ஒற்றை நுரையீரல் பெற்றவர்களுக்கு 5 மில்லிகிராம், இரண்டும் பெற்றவர்களுக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை என்று பாஸ்டன் என்ற பெயரிலான மூன்றாம் கட்டச் சோதனைகளில் கொடுத்தார்கள். பழைய 300 மில்லிகிராமோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறிது! இந்தச் சோதனைகள் ஏற்கெனவே நோய் தொடங்கியவர்களுக்கானவை. அங்கேதான் ஒரு சிக்கல்: ஆழமான நுண்குழாய்வரை போய்ச் சேர, துளிகள் 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும், அப்படியே இருந்தாலும் காற்று நுழையாத குழாய்க்குள் மருந்தும் நுழையாது. தழும்பு முற்றுவதற்கு முன்பே பிடித்தால்தான் மூச்சுவழி மருந்துக்கு வேலை.

சென்னையிலும் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை நடக்கிறது. செய்துகொண்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். மூச்சை அளக்கும் கையடக்க ஸ்பைரோமீட்டரை மருத்துவர் தந்திருந்தால் தவறாமல் ஊதி, அளவைக் குறித்து வையுங்கள். எண் 10 சதவீதம் இறங்கினாலே, சளிதான் என்று விட்டுவிடாமல், அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.