மேட்டுப் பாத்தி மண்ணின் புளிப்பும் அதனைத் திருத்தும் முறையும்

பல்லேபொலப் பகுதியில், பெரும்போக நெல்லை அறுத்தபின் சிறுபோகத்தில் வயலிலே மேட்டுப் பாத்தி அமைக்கும் கமக்காரர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இயல்பாகப் புளிப்புள்ள மண்ணும் நீர் நிறைந்து நிற்கையில் நடுநிலையை நெருங்கும்; நீர் வடிந்து உலர்ந்ததும் பழைய புளிப்பு மீளும். ஆதலால், நெல் செழித்த வயலில் போஞ்சியும் தக்காளியும் குன்றக்கூடும். மிகுந்த புளிப்பில் பொசுபரசு மண்ணிலே கட்டுண்டுவிடும். அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும். இட்ட பசளை வீணாகும்.

மண்ணின் பீ.எச். அளவு 7 ஆயின் நடுநிலை. அதனிற் குறைந்தால் புளிப்பு. பெரும்பாலான காய்கறிகளுக்கு 6 முதல் 6.5 வரை உகந்தது.

மண் எடுத்தல்: பாத்தி உலர்ந்தபின், பசளை இடுமுன், பத்து இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை மண் எடுத்துக் கலக்குக. நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைத் தூய பையிலிட்டு விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்குக. பசளைப் பையை உபயோகித்தலாகாது.

திருத்துதல்: புளிப்பு மிகுதியெனக் கண்டால் டொலமைட் இடுக. எக்டேருக்கு 2,000 கிலோ எனப் பரிந்துரைக்கப்படின், அது சதுர மீற்றருக்கு 200 கிராம் ஆகும். நடுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் தூவி, கொத்திக் கலந்து, நீர் பாய்ச்சுக. யூரியாவையோ அமோனியம் சல்பேற்றையோ அதனுடன் சேர்த்து இட்டால் தழைச்சத்து ஆவியாகி இழக்கப்படும்.

எல்லா மண்ணும் புளிப்புடையதன்று. தேவையின்றி இடும் சுண்ணாம்பு இரும்புச் சத்தையும் நாகச் சத்தையும் பயிருக்குக் கிட்டாமற் செய்யும். ஆகவே முதலில் ஆய்வு, பின்னரே திருத்தம்.