ஓர் எழுத்து, நான்கு பொருள்

புள்ளியிடாத பழைய ஏட்டுச் சுவடியை வாசிப்போர், கண்முன் நிற்பது குறிலா நெடிலா என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். இங்கிலாந்தின் பழைய ட்றயம்ப் மோட்டார் சைக்கிள்களைச் செப்பனிட்டு ஓட்டும் அன்பர்களுக்கும் ஏறக்குறைய அதே தொல்லை உண்டென்றால் வாசகர்கள் வியப்புறலாம்.

கொவென்றி நகருக்கு அண்மையில், மெரிடன் என்னும் ஊரில், 1942 முதல் 1983 வரை இயங்கியது ட்றயம்ப் தொழிற்சாலை. அதன் உதிரிப்பாகப் பட்டியல்களிலே ஒவ்வோர் இலக்கத்தின் முன்னும் ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். 'ஈ' என்றால் எஞ்சின், 'ரி' என்றால் கியர்ப் பெட்டி, 'எவ்' என்றால் சட்டகம், 'எச்' முன்சில்லைத் தாங்கும் போர்க், 'டபிள்யூ' சில்லு. வேகப் பிரியர்கள் பெரிதும் நாடிய காம்தண்டு ஒன்று 'ஈ 3134' என்றே பெயர் பெற்றது.

1951இல் ட்றயம்ப் நிறுவனத்தை பி.எஸ்.ஏ. நிறுவனம் வாங்கியது. 1960களின் இறுதியில் இலக்க முறையும் மாறிற்று. எழுத்துகள் நீங்கி, எஞ்சினுக்கு 70, கியர்ப் பெட்டிக்கு 57, சட்டகத்துக்கு 82, போர்க்குக்கு 97, சில்லுக்கு 37 என எண்கள் அமர்ந்தன. பின்னே நின்ற இலக்கம் மாறவில்லை. ஆகவே 'ஈ 3134' என்பதும் '70-3134' என்பதும் ஒரே பொருளே. இதை அறியாதவர், தாம் தேடும் பாகம் எதிரேயுள்ள தட்டில் வேறு பெயரோடு கிடக்க, அது எங்கும் இல்லையென்று மனமுடைந்து திரும்புவார். பி.எஸ்.ஏ.யின் சொந்தப் பட்டியலிலோ முன்னெண் சொல்வது பாகத்தின் இனத்தையன்று, வண்டியின் குடும்பத்தையே. 67 ஒரு குடும்பம், 68 மற்றொன்று. தோற்றம் ஒன்று, இலக்கணம் வேறு!

இனி 'எச்' என்னும் எழுத்தின் விளையாட்டைப் பார்ப்போம். பாகப் பட்டியலில் அது போர்க் என்றோம். 1960களில் எஞ்சின் மீது அது தனித்து நின்றால், 350, 500 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வகையைக் குறிக்கும். 1969ஆம் ஆண்டு மாதிரிகளுக்கெனப் புதிய முறை வந்தபின், எஞ்சின் இலக்கத்தின் முன் இரண்டு எழுத்துகள் பொறிக்கப்பட்டன: முதலாவது மாதம், இரண்டாவது ஆண்டு. அங்கே 'எச்' முதலில் வந்தால் யூலை; இரண்டாவதாக வந்தால் 1973.

அந்த ஆண்டும் நாட்காட்டி ஆண்டு அன்று, விற்பனைப் பருவம். அதுதான் பலரையும் வழுக்கிவிடும் இடம். 1969ஆம் பருவத்து வண்டிகள் 1968 ஆகஸ்டிலேயே உருவாகத் தொடங்கின. மாத வரிசையில் 'என்' ஒக்டோபர்; ஆண்டு வரிசையில் 'சி' 1969. எனவே 'என்.சி.' என்று பொறித்த எஞ்சின் பிறந்தது 1968 ஒக்டோபரில். 1969 ஒக்டோபரில் பிறந்ததோ 'என்.டி.' ஆகும். மாதங்களுக்குத் தெரிந்த பன்னிரண்டு எழுத்துகளுள் 'ஐ', 'ஓ' இரண்டும் இல்லை. ஒன்றும் பூச்சியமுமாகக் கண்ணை மயக்குமென்று விலக்கினர் போலும். நல்ல யோசனையே.

இவையெல்லாம் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட இயலாது. இரட்டைக் காபுரேற்றர் பூண்ட 'ரி 120' போனவில் வண்டிக்கு, ஒற்றைக் காபுரேற்றருடைய அதன் உடன்பிறப்பான 'ரி.ஆர். 6' வண்டியிலும் மதிப்பு அதிகம். மலிவானதன் எஞ்சினில் பழைய எழுத்தை அராவி நீக்கி, உயர்ந்ததன் பெயரைப் பொறித்து விற்கும் கயவரும் உளர். 1969ஆம் பருவம் முதல் இலக்கம் பொறிக்கும் மேடையிலே ட்றயம்ப் பெயர் நுண்ணியதாகப் பரப்பப்பட்டது. அராவினால் அப்பெயரும் அழியும். அதற்கு முந்திய எஞ்சின்களின் மேடையோ வெறுமையானது. அவற்றுக்குத் தொழிற்சாலையின் அனுப்புகைப் பேரேடுகளே சாட்சி. எந்த இலக்கம், எந்த மாதிரி, எந்நாளில், எவ்வணிகருக்குப் போயிற்று என்பவை அங்கே எழுதப்பட்டுள்ளன. 1946இல் தோன்றிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கழகத்தின் நூலகத்தை அப்பேரேடுகள் வந்தடைந்தன. பெருந்தொகை கொடுத்து வாங்க முற்படுவோர் பணப்பையைத் திறக்குமுன் அங்கே ஒரு கடிதம் எழுதிக் கேட்பது வழக்கம்.