நிலத்தை விற்கிறீர்களா? தரகரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்

மகள் கல்யாணம், வைத்தியச் செலவு, கழுத்தை நெரிக்கும் கடன் என்று ஏதாவதொரு நெருக்கடியில்தான் சிறு விவசாயி அரை ஏக்கர், முக்கால் ஏக்கரை விற்கத் துணிகிறார். அப்போது திண்ணையில் வந்து உட்காரும் தரகர், "பார்ட்டி கையில இருக்குங்க, விலையை மட்டும் சொல்லுங்க" என்பார். நாமும் விலையை மட்டும் சொல்லி நிறுத்திக் கொள்கிறோம். பல தகராறுகளுக்கு அங்கேதான் வித்து விழுகிறது.

தரகரைக் குறை சொல்வதற்கில்லை. ஆள் தேடி அலைந்து, இரு தரப்பையும் ஓரிடத்தில் உட்கார வைப்பது லேசான வேலை அல்ல. ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்டதை அவர் தம் யூகத்தில் நிரப்பி, வாங்குபவரிடம் சொல்லியிருப்பார்.

முதலில் பரப்பளவு. பழைய பத்திரத்தில் 65 சென்ட் என்றிருக்கும். பட்டாவில் 0.25.0 ஹெக்டேர் என்றிருக்கும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். ஆகவே 25 ஏர் என்பது ஏறக்குறைய 62 சென்ட்தான். சென்ட் 30 ஆயிரம் ரூபாய் என்று பேசியிருந்தால், அந்த 3 சென்டின் விலை 90 ஆயிரம்! அளந்து பார்த்த பிறகு வாங்குபவர் பணத்தைப் பிடித்துக் கொண்டால் தரகர் என்ன செய்வார்? எனவே பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கையில் வைத்துக் கொண்டு பேச வேண்டும். தரகரிடம் நகலைத்தான் கொடுக்க வேண்டும். மூலப் பத்திரம் வீட்டை விட்டுப் போகக் கூடாது.

அடுத்தது கிணறு. நிலத்தில் ஒரு பாகத்தை மட்டும் விற்பவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கிணறு விற்கும் பாகத்தில் இருக்கிறது, மீதி நிலத்துக்கும் அதே தண்ணீர்தான் என்றால், அதைத் தரகரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். கிணற்றில் எத்தனை பங்கு, வாரத்தில் எந்தெந்த நாள் இறைத்துக் கொள்வது, மோட்டார் சர்வீஸ் யார் பெயரில் இருக்கும், பூமிக்குள் போகும் குழாய் யாருடையது, பழுது பார்க்க உள்ளே போகலாமா என்பதையெல்லாம் பேசி, கிரயப் பத்திரத்தில் எழுத வேண்டும். "நம்ம ஆளுதான், தண்ணி விடமாட்டாரா" என்ற பேச்சு அந்த ஆள் நிலத்தை வேறொருவருக்கு விற்கும் வரைதான் செல்லும். வண்டிப் பாதையும் அப்படியே. எத்தனை அடி அகலம், எந்த வரப்பு ஓரம் என்பதைத் தரகரை நிலத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுவது நல்லது. நிற்கும் பயிர், தென்னை, வேம்பு யாருக்கு என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

விலை விஷயத்தில் ஒரு வழக்கம் உண்டு. "என் கைக்கு இவ்வளவு வந்தால் போதும், மேலே வருவது உன் பாடு" என்று சிலர் சொல்லி விடுகிறார்கள். அப்படிச் சொன்னபின் வாங்குபவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். தரகு நூற்றுக்கு ஒன்றா, இரண்டா என்று முன்பே பேசி, வாங்குபவரை நேரில் பார்த்து விலை முடிப்பதே மேல். ஒரு பேரத்தில் மூன்று, நான்கு தரகர்கள் கைகோப்பதும் உண்டு. "எத்தனை பேருங்க, நான் யாருக்குக் கொடுக்கணும்?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

வீட்டில் ஒருவர் மட்டுமே தரகரிடம் பேச வேண்டும். அண்ணன் ஒரு விலையும் தம்பி ஒரு விலையும் சொன்னால், குறைந்த விலைதான் வாங்குபவர் காதுக்குப் போகும். கூட்டுப் பட்டா என்றால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் யார் யார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமாகப் பங்கு உண்டு. கட்டிக் கொடுத்த தங்கையை மறந்துவிட்டு அச்சாரம் வாங்கினால் வழக்குத்தான் மிஞ்சும்.

"அலைய வேண்டாம், ஒரு பவர் எழுதிக் கொடுத்திடுங்க" என்று தரகர் கேட்டால் அவசரப்பட வேண்டாம். பொது அதிகாரப் பத்திரத்தில் விற்கும் உரிமையைக் கொடுத்துவிட்டால், உங்கள் கையெழுத்து இல்லாமலே நிலம் கைமாறலாம். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் அதே ஆபத்துதான். அச்சாரம் வாங்கும்போது தொகை, மீதிப் பணத்துக்குக் கெடு, கெடு தவறினால் என்ன செய்வது என்பதைக் கிரய ஒப்பந்தமாக எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். முன்பணத்தை வாங்குபவரிடமிருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

தரகுப் பணத்தை எப்போது கொடுப்பது? அச்சாரத்தன்றே பாதியைக் கேட்பவர்கள் உண்டு. சார் பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகி, முழுப் பணமும் கணக்கில் ஏறிய அன்று கொடுப்பதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். சொன்னபடி அன்றைக்கே கொடுத்தும் விட வேண்டும்.