ஜான்சனும் டெம்ப்சியும் மோதியிருந்தால்?

1967-ல் மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மரே வொரோனர், வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களைக் கணினிக்குள் மோதவிட்டார். வேகம், குத்தின் வலு, தாங்கும் திறன் என ஒவ்வொரு வீரருக்கும் குத்துச்சண்டை எழுத்தாளர்களிடமும் வல்லுநர்களிடமும் மதிப்பீடு வாங்கி, என்.சி.ஆர். 315 என்ற கணினியில் ஏற்றினார்கள். அது தந்த முடிவுகள் நேரடி வர்ணனை போலவே வானொலியில் ஒலிபரப்பாயின. இறுதிப் போட்டியில் ராக்கி மார்சியானோ ஜாக் டெம்ப்சியை வீழ்த்தினார். முகமது அலியோ, 1899-ல் பட்டம் வென்ற ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக முடிவு வந்தது. கொதித்துப்போன அலி, பத்து லட்சம் டாலர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்.

அலியின் கோபத்தில் நியாயம் இருந்தது. வல்லுநர்களின் அபிப்பிராயத்தை எண்களாக்கி உள்ளே போட்டால், அதே அபிப்பிராயம்தான் சுற்றிக்கொண்டு வெளியே வரும். சரி, அபிப்பிராயங்களை ஒதுக்கிவிட்டு, நடந்த சண்டைகளை மட்டும் வைத்து ஆதிகால வீரர்களை ஒப்பிட முடியுமா? ரசிகர்கள் நூறாண்டாக விவாதிக்கும் ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம்: 1908 முதல் 1915 வரை சாம்பியனாக இருந்த ஜாக் ஜான்சன், 1919 முதல் 1926 வரை சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்சி.

வில்லார்டு என்ற அளவுகோல்

இருவருக்கும் பொதுவான எதிராளி ஒருவர் உண்டு: ஆறரை அடி உயர ஜெஸ் வில்லார்டு. 1915 ஏப்ரல் 5 அன்று ஹவானா வெயிலில், 26-ஆவது ரவுண்டில் ஜான்சனை அவர் நாக் அவுட் செய்தார். 1919 ஜூலை 4 அன்று டொலீடோவில் டெம்ப்சி அதே வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை கீழே சாய்த்தார். மூன்றாவது ரவுண்டுக்குப் பின் வில்லார்டு எழுந்து வரவில்லை. அப்படியானால் டெம்ப்சிதான் வல்லவர் என்று தோன்றும்.

வயதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது. ஹவானாவில் ஜான்சனுக்கு 37, வில்லார்டுக்கு 33. டொலீடோவில் வில்லார்டுக்கு 37, டெம்ப்சிக்கு 24. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் வில்லார்டு பட்டத்தைத் தக்கவைக்க ஒரே ஒரு முறைதான் களமிறங்கினார். இரண்டு சண்டைகளிலும் இளையவர் மூத்தவரை வென்றார் என்பதற்கு மேல் இவை அதிகம் சொல்லவில்லை.

விதி மாறினால் முடிவும் மாறும்

உச்ச வேகத்தில் குத்தும்போது தசைகள் முதலில் செலவழிப்பது கிரியாட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பை. முழு முயற்சியில் அது சுமார் பத்து விநாடிகளில் பெருமளவு தீர்ந்துவிடும். மறுபடி நிரம்ப ஆக்ஸிஜனும் சில நிமிட ஓய்வும் தேவை. எனவே சண்டை நீளமாக இருந்தால் சக்தியைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்.

ஜான்சனின் பட்டச் சண்டைகளில் முக்கியமான இரண்டு, 1910-ல் ஜெஃப்ரிஸுடன் ரீனோவில் நடந்ததும் 1915 ஹவானாவும், 45 ரவுண்டுகளுக்குத் திட்டமிடப்பட்டவை. மும்மூன்று நிமிடமாகக் கணக்கிட்டால் 135 நிமிடம்! இன்றைய 12 ரவுண்டு பட்டச் சண்டை 36 நிமிடம்தான். அதனால் எதிராளியின் புஜங்களைப் பிடித்து முடக்குவது, வரும் குத்தைக் கையுறையிலேயே வாங்கிக்கொள்வது, அவர் அசந்த நொடியில் கீழிருந்து மேலாக ஒரு குத்து விடுவது என்று ஜான்சன் ஆடிய சிக்கனமான ஆட்டம், அந்த நீளத்துக்கு ஏற்ற உடலியல் உத்தி.

டொலீடோ சண்டை 12 ரவுண்டுகளுக்கே திட்டமிடப்பட்டது. அங்கே பாய்ந்து தாக்குவது லாபம். இன்னொரு சாதகமும் டெம்ப்சிக்கு இருந்தது. எதிராளி விழுந்தால் விலகிப் போகாமல் பக்கத்திலேயே நின்று, அவர் எழும்போதே மறுபடி அடிக்கலாம். 1927-ல் சிகாகோவில் சாம்பியன் ஜீன் டன்னியுடன் மோதியபோது இந்தச் சலுகை இல்லை. நடுநிலை மூலைக்குப் போனால்தான் நடுவர் எண்ணத் தொடங்குவார். டெம்ப்சி உடனே போகவில்லை. விழுந்துகிடந்த டன்னிக்குச் சில விநாடிகள் கூடுதலாகக் கிடைத்தன. எழுந்து நின்று புள்ளிகளில் வென்றார்.

ஆகவே ரீனோ விதிகளில் மோதினால் என் வாக்கு ஜான்சனுக்கு. டொலீடோ விதிகளில் டெம்ப்சியின் வாய்ப்பு வெகுவாகக் கூடும்.

படச்சுருளையும் நம்ப முடியாது

பழைய படங்களைப் பார்த்து வேகத்தை எடைபோடுவோருக்கு ஒரு எச்சரிக்கை. அன்றைய கேமராக்களைக் கையால் சுற்றுவார்கள். விநாடிக்குச் சுமார் 16 படங்கள் பதிவாகும். அதையே 24 படங்களாக ஓட்டினால் ஒரு நிமிடச் சண்டை 40 விநாடிகளில் முடிந்து, எல்லாரும் மின்னல் வேகத்தில் குத்துவது போலத் தெரியும். வெட்டுப்பட்ட பதிவுகளும் உண்டு. 1908-ல் சிட்னியில் அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸை ஜான்சன் நிலைகுலைய வைத்தபோது காவல்துறை சண்டையை நிறுத்தியது, கேமராக்களும் நின்றன. வெள்ளையர் ஒருவரைக் கறுப்பினத்தவர் வீழ்த்தும் கடைசி நொடி படத்தில் இல்லை. ரீனோவில் ஜெஃப்ரிஸை ஜான்சன் வென்ற பிறகு, 1912-ல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்ல அமெரிக்கா தடையே போட்டது.

நடக்கவிடாத சண்டைகள்

உண்மையான இடைவெளி இங்கேதான் இருக்கிறது. சதுரங்கத்தின் ஈலோ முறையோ, புள்ளியியலின் பிராட்லி–டெர்ரி முறையோ, வெற்றி வாய்ப்பை வீரர்களின் வலிமை விகிதத்திலிருந்து கணக்கிடும். ஒருவரின் வலிமை 3, மற்றவருடையது 1 என்றால் முதலாமவருக்கு வாய்ப்பு நான்கில் மூன்று. ஆனால் அந்த வலிமையைக் கண்டறிய, வீரர்கள் எல்லாரும் ஏதோ ஒரு சண்டைச் சங்கிலியால் இணைந்திருக்க வேண்டும். இரண்டு பள்ளிகள் தனித்தனி வினாத்தாள் வைத்தால், இரண்டு முதல் மாணவர்களில் யார் கெட்டிக்காரர் என்று மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது அல்லவா?

அந்தச் சங்கிலியை அறுத்தது நிறவெறி. கறுப்பினத்தவருடன் மோத மாட்டேன் என்று முந்தைய சாம்பியன் ஜான் எல். சல்லிவன் வெளிப்படையாகவே மறுத்தார். சாம்பியனாக இருந்தவரை ஜெஃப்ரிஸும் அப்படியே. ஜான்சன் சவால்விட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே 1905-ல் ஜெஃப்ரிஸ் ஓய்வுபெற்று, ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் 35 வயதில்தான் ரீனோவுக்கு வந்தார். 1906-ல் தன்னோடு மோதிய இன்னொரு கறுப்பின வீரர் சாம் லாங்ஃபோர்டுக்கு, பட்டம் கைக்கு வந்தபின் ஜான்சன் வாய்ப்பே தரவில்லை. டெம்ப்சிக்கும் கறுப்பின வீரர் ஹாரி வில்ஸுக்கும் ஒப்பந்தம் வரை போன சண்டை நடக்காமலே போனது. 1915-க்குப் பின், 1937-ல் ஜோ லூயிஸ் வரும்வரை, எந்தக் கறுப்பின வீரருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு கிடைக்கவில்லை. லாங்ஃபோர்டும் வில்ஸும் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதிக்கொண்டார்கள்.

ஜான்சன்–டெம்ப்சி மோதலைத் தடுத்தது காலம். உச்சத்தில் இருந்த ஜெஃப்ரிஸ் ஜான்சனையும், டெம்ப்சி வில்ஸையும் சந்திக்காமல் தடுத்தவர்கள் மனிதர்கள். அந்த இரண்டாவது வகைக் குறையை எந்தக் கணினியாலும் இட்டு நிரப்ப முடியாது. ஏனென்றால் யாரைக் கண்டு அஞ்சினார்களோ அவர்களைத்தான் விலக்கிவைத்தார்கள், விலக்கப்பட்டவர்களின் கணக்கு எப்போதும் குறைவாகவே காட்டும். எனவே ஆதிகால ஹெவிவெயிட் தரவரிசை எது உங்கள் கைக்கு வந்தாலும், முதலிடத்தில் யார் என்று பார்ப்பதற்கு முன், லாங்ஃபோர்டையும் வில்ஸையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பட்டியலின் நேர்மை அங்கே தெரிந்துவிடும்.